திருவுளச்சீட்டில் விழுந்த நாலாவது மெஷின்

எங்கள் முதலாளிக்குச் சாமியும் தெரியாது, சர்வரும் தெரியாது. வருஷத்தில் ஒரு நாள் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டுவிடுவார். சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில், ஒரு ஜவுளிக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். அங்கே ஒரு பெரிய சர்வர். அதற்குள் பன்னிரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது தனிப் பெட்டி இல்லாத கம்ப்யூட்டர்கள். ஒரே கிணற்றில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர் இறைப்பதுபோல, ஒரே டிஸ்க்கைப் பங்குபோட்டுக்கொண்டு ஓடும். ஜவுளிக் கடை, மண்டி, ரத்தப் பரிசோதனை லேப் என்று ஆளுக்கொன்று.

ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் நிறுத்தி, பெட்டிக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்து, "அதுவும் ஒரு நாள் தூங்கட்டும்வே" என்பார். மறுநாள் யாருடைய மெஷினை முதலில் கிளப்புவது என்று வாடிக்கையாளர்களுக்குள் போட்டி. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி திருவுளச்சீட்டு. பிள்ளையார் படத்துக்கு முன்னால் பெயர்களைச் சுருட்டிப் போட்டு ஒவ்வொன்றாக எடுப்பார். அந்த வரிசையில்தான் மெஷின்களைக் கிளப்ப வேண்டும். இந்தக் கூத்தை நான் வாசலில் நின்று இளித்துக்கொண்டே பார்ப்பேன். படித்தவன் அல்லவா.

சீட்டைப் படித்து மெஷினைக் கிளப்புகிறவள் மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். போன் எடுப்பதும் அவள்தான். தபாலில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் அவள் சொல்லும் எதையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்த வருஷம் விஜயதசமிக்கு மறுநாளே வாசுதேவநல்லூர் லேப்பிலிருந்து போன் வந்தது. ஒரு ரிப்போர்ட் திறக்கக் கால் மணி நேரம் ஆகிறதாம், நோயாளிகள் சண்டைக்கு நிற்கிறார்களாம். முதலாளி நேராக அவளிடம் போனார்.

"நீதானம்மா கிளப்புன? என்னத்தையோ தப்பா அமுக்கிட்ட. வெள்ளிக்கிழம சாயந்தரத்துக்குள்ள சரியாகலன்னா வேற வேல பாத்துக்கோ."

அவள் என் மேஜைக்கு வந்தாள். "அண்ணே, போன வருசமும் பூசைக்கு மறுநாள் மண்டிக்காரரு மிஷினு இப்படித்தான் படுத்துச்சு. ரெண்டு நாள்ல கரண்டு போயி, எல்லாம் தானா கெளம்புனதும் சரியாயிட்டு. பூசையிலதான் என்னமோ இருக்கு."

"சாமி குத்தமா? கெடா வெட்டிருவமா?" என்றேன். அவள் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள்.

அடுத்த மூன்று நாளும் நான் கேபிளைச் சந்தேகப்பட்டேன், டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன். லேப்காரர்களிடம், ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம் என்று போனிலேயே சொன்னேன். ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்தப் பன்னிரண்டில் எங்களுக்கென்று, எல்லோருடைய தகவலையும் நகலெடுத்து வைக்கும் பேக்கப் மெஷின் ஒன்று உண்டு. விட்டால் டிஸ்க் முழுவதையும் அதுவே இழுத்துக்கொள்ளும். அதன் வேகத்தைக் கட்டிவைக்க ஒரு ஸ்கிரிப்ட், குட்டி புரோகிராம், தினமும் காலையில் தானாக ஓடும். ஐந்தே வரி. எழுதியவன் நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனதால் அதைத் திறந்தேன். 'நாலாம் நம்பர் மெஷினின் வேகத்தைக் குறை' என்று எழுதியிருந்தேன். பேக்கப் என்று பெயர் சொல்லி எழுதவில்லை. அந்த நம்பரோ கிளம்பும் வரிசைப்படி விழுவது. சர்வர் தானாகக் கிளப்பும்போது வரிசை மாறாது, நாலாவது எப்போதும் பேக்கப்தான். திருவுளச்சீட்டில் நாலாவதாக வந்தது லேப். பேக்கப் அவிழ்த்துவிட்ட மாடாக மேய்ந்துகொண்டிருக்க, லேப்பைக் கட்டிப்போட்டிருந்தேன்.

பூஜையில்தான் இருந்தது. அவள் சொன்னபடியே.

நம்பரை அழித்துப் பெயரை எழுதினேன். லேப்பின் கட்டை அவிழ்த்தேன். ஐந்து நிமிஷ வேலை. லேப் ஓடத் தொடங்கியது.

"என்னவே ஆச்சு?" என்று முதலாளி வந்தார்.

"செட்டிங்கு மாறிக் கெடந்துச்சு அண்ணாச்சி."

"மாத்துனது யாரு?"

அவள் போனைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள். 'தப்பு என் ஸ்கிரிப்டில்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. மூன்று நாள் ஊரையே கிண்டல் பண்ணிய வாயில் அப்போது கொழுக்கட்டை.

"அதான பாத்தேன்," என்று அவர் அவள் பக்கம் திரும்பினார். "நாளைலருந்து வர வேண்டாம்மா."

அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். முதலாளியை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் மடையன் என்று திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

திங்கட்கிழமை போன் எடுக்க ஆளில்லாமல் நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். போனுக்கு அடியில் அவளுடைய நோட்டு இருந்தது. ஒரு பக்கத்தில் போன வருஷச் சீட்டு வரிசை, எதிர்ப் பக்கத்தில் இந்த வருஷ வரிசை. இரண்டிலும் நாலாவது பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி.

'அண்ணன் கேலி பண்ணாத நேரமாப் பாத்து இதக் கேக்கணும்.'