மேரியின் ‘ரெண்டு நிமிஷம்’

போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு கல்லூரி மாணவிகள் வந்தார்கள். அவர்கள் கல்லூரியில் ராப் போட்டியாம். நான் நடுவராக வர வேண்டுமாம். கையில் ஒரு படிவம். அதில் ஒரு கட்டம்: ‘இசைத்துறையில் தங்கள் சாதனை’.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

‘ஒரு ஹிட் கேசட்’ என்று எழுதலாம்தான். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்தக் கதையை, நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இதுவரை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது படித்து முடித்தால் புரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திண்டுக்கல் நாகல் நகரில் எனக்கு ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து தருவேன். கப்பலில் வேலை பார்த்த என் சித்தி மகன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது அமெரிக்கக் கேசட் ஒன்றைக் கொடுத்தான். கடையில் போட்டுக் கேட்டேன். ஆள் பாடவே இல்லை. தாளத்துக்கு மேல் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனான்.

அந்த நேரம் மேரி கடையில் நின்றாள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை. மாதா பாட்டுக் கேசட் வாங்க வந்திருந்தாள்.

“பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?”

“இதுதான் பாட்டு.”

கொஞ்ச நேரம் கேட்டாள். “பேசிக்கிட்டே இருக்கான்... ஆனா தாளம் தப்பல. இதைத்தான நாங்க தினமும் மில் பஸ்ஸுல செய்றோம்.”

“எங்க, சொல்லு பாப்போம்.”

கண்ணாடி மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு சொன்னாள்.

‘ரெண்டு நிமிஷம், ரெண்டே நிமிஷம்,
போக ஒண்ணு, வர ஒண்ணு,
நடுவுல இருக்க நேரம் எங்க?
வாட்ச்சு கட்டுன அண்ணாச்சி,
கணக்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லு.’

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகுதான் விளக்கினாள். பாத்ரூம் போகும் பெண்களை அவர்களுடைய சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அனுப்புவாராம். இரண்டு நிமிடம். தாண்டினால் அத்தனை பேர் முன்னாலும் “உள்ள என்ன குடும்பம் நடத்துனியா?” என்று கேட்பாராம். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் இருந்தார்கள். அந்த அவமானத்தைத்தான் போகிற வருகிற வழியில் இவர்கள் பாட்டாக்கியிருந்தார்கள். வரிகள் மேரியுடையவை.

“இதைப் பதிவு பண்ணுவோமா?” என்றேன்.

“பண்ணலாம். எம்பேரு மட்டும் வேணாம்ணே. வீட்ல அம்மாவும் நானுந்தான். வேலை போச்சுன்னா கஷ்டம்.”

அடுத்த வார விடுமுறையில், பட்டப்பகலில், கடை ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். சத்தம் போடும் என்று ஃபேனையும் நிறுத்தியாகிவிட்டது. மேரியின் தோழி செல்வி, நூல் சுற்றும் மரக் கட்டைகள் இரண்டும் ஒரு டிபன் பாக்ஸும் கொண்டுவந்திருந்தாள். அதுதான் எங்கள் டிரம்ஸ். முதல் டேக்கில் லாரி ஹாரன். இரண்டாவதில் செல்விக்குச் சிரிப்பு. மூன்றாவதில் என் இருமல். எத்தனையாவது டேக்கோ, நினைவில்லை... வேர்வையில் நனைந்துபோய் மேரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ‘நேரம் எங்க?’ என்ற இடத்தில் சட்டென்று நிறுத்தினாள். கட்டைச் சத்தம் மட்டும் தனியாகப் போனது. நான் சொல்லிக்கொடுக்காத இடம் அது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கேசட்டில் யார் பேரும் போடவில்லை. ‘ரெண்டு நிமிஷம்’ என்று மட்டும் எழுதினேன்.

முதலில் ஒரு மில் பஸ் டிரைவர் வாங்கிப்போனார். பிறகு மதுரை ரூட் பஸ்கள். சின்னாளப்பட்டியில் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்டது என்றார்கள். காதுகுத்து வீடுகளில் ரேடியோ செட்காரர்கள் போட்டார்கள். ஓட்டல்களில் “ரெண்டு நிமிஷம், ரெண்டே நிமிஷம்” என்று சர்வர்கள் தாளத்தோடு பதில் சொன்னார்கள். நான் பதிந்து கொடுக்கக் கொடுக்கப் போதவில்லை.

எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். யார் எழுதியது?

முதலில் புன்னகைத்தேன். புன்னகையை அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மறுக்கவில்லை. ஒரு மன்றத்தின் ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். அப்போதும் மறுக்கவில்லை. சால்வையோடு யாராவது மறுப்பார்களா? அடுத்த முறை லேபிள் அச்சடித்தபோது ‘எழுத்து, ஆக்கம்’ என்று போட்டு என் பேரைச் சேர்த்தேன். பேர் இல்லாமல் கிடந்தால் எவனாவது திருடிவிடுவான் – இதுதான் மனதுக்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம்.

ஒரு சாயங்காலம் மேரி வந்தாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என் பேர் போட்ட அந்தக் கேசட்டை மேஜைமேல் வைத்தாள்.

“இது என்னண்ணே?”

“நீதான பேரு வேணாம்னு சொன்ன?”

“வேணாம்னு சொன்னேன். நீங்க எடுத்துக்கங்கன்னு சொன்னேனா?”

லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மிஷினைப் போடுங்க. எம்பேரை நானே சொல்லிக்கிறேன்.”

“வேலை போயிரும் மேரி.”

“எனக்கும் அந்தப் பயந்தான் இருந்துச்சு. ஆனா இன்னிக்கு பஸ்ஸுல உங்க பேரைப் படிச்சிட்டு அம்புட்டுப் புள்ளைகளும் என் மூஞ்சியவே பாத்துச்சுக. அதுக்கு இது தேவலை.”

ஒரே டேக். டிபன் பாக்ஸ் இல்லை, கட்டை இல்லை. மேஜையில் அவள் விரல் மட்டும்.

‘மேரி மேரி எம்பேரு,
வேடசந்தூரு எங்கூரு,
சொன்னது நாந்தான், சொல்லிப்புட்டேன்,
கேக்கணும்னா நேர்ல கேளு.’

அதை முன்னால் சேர்த்து, லேபிளை மாற்றி, மறுபடி பதிந்தேன். இந்த முறை இன்னும் வேகமாகப் பரவியது. மில் ஆபீஸுக்கும் போனது.

மேனேஜர் கூப்பிட்டு “இது நீயா?” என்று கேட்டிருக்கிறார். “அதுலயே சொல்லியிருக்கேனே சார்” என்றிருக்கிறாள். சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடுத்த நாளே பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

“மில்லுக்கு நான் வாரேன் மேரி. எழுதினது நான்தான், நீ சும்மா வாசிச்சேன்னு சொல்லிடறேன்.”

மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மறுபடியுமா?”

உள்ளே அவள் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே சிரிப்பு.

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்தவர்கள் ரீலிங் பெண்கள். சூப்பர்வைசர் மணிக்கட்டைத் திருப்பும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு கட்டை ‘டொக் டொக்’ என்று அந்தத் தாளத்தைத் தட்டுமாம். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்களாம். சில நாளில் அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “மேரி எப்ப சார் வருவா?” என்று தினமும் ஒருத்தியாவது மேனேஜரிடம் கேட்டாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நிமிடக் கணக்கு அதற்குப் பிறகு இல்லை என்று செல்வி வந்து சொன்னாள்.

மேரி என் கடைக்கு வருவதை நிறுத்திவிடவில்லை. மாதா பாட்டு வாங்க வருவாள். இன்னொரு கேசட் போடலாமா என்று ஒருமுறை கேட்டேன். “சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சுண்ணே” என்றாள். அவ்வளவுதான்.

யோசித்துப் பார்க்கிறேன். பயந்து ஒதுங்குகிறவர்கள், கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்கள் நம்மைச் சுற்றி எத்தனை பேர்? ஆபீஸில், வீட்டில், சமையலறையில்... அவர்கள் பேர் போட வேண்டிய இடத்தில் நாம் எத்தனை முறை சும்மா புன்னகைத்திருக்கிறோம்?

ஒருவர் தன் பேரைப் போடாமல் விட்ட இடம் காலி இடமில்லை, சார். துண்டு போட்டுவிடாதீர்கள்.