ஓடக்காரி ஏன் திரும்பிப் போனாள்

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். தாய்மார் இறப்பர் மரங்களில் பால் வெட்டப் போகும் நேரம் அவர்களுடைய கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடவேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் வருவார்கள், பிள்ளையைச் சாக்காக வைத்துக்கொண்டு கதை கேட்க.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் எங்களுக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனது. அதற்கு மேல் நான் படித்ததெல்லாம் குருவிட்ட டவுனில், சிங்களத்தில். கதைப் புத்தகம் என்றால் எனக்கு அதில்தான் வேகம் வரும். நூலகத்தில் ஆறு பாகங்களாக ஒரு மாயக்கதை கிடைத்தது. ஒவ்வொரு பாகமும் செங்கல் கனம். சிங்களத்தில் ஓர் அத்தியாயம் படிப்பேன், மடுவத்தில் அதைத் தமிழில் சொல்வேன். அம்மாவும் வந்து பின்னால் உட்கார்ந்துகொள்வார். யாருடைய பிள்ளையாவது தொட்டிலில் கிடக்கும், அதை ஆட்டிக்கொண்டே கேட்பார்.

கதை இதுதான். ஒரு நாட்டைப் பனிமூட்டம் விழுங்கிக்கொண்டே வருகிறது. மலைக்குள் இருக்கும் மணியை யாராவது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால்தான் அது நிற்கும். ஆற்றில் ஓடம் தள்ளும் ஒருத்தி அந்த வேலைக்குப் போகிறாள். நான்கு வயது மகளை நாத்தனாரிடம் விட்டு, பிள்ளை தூங்கும்போதே, எழுப்பாமலே போகிறாள். மூன்றாம் பாகத்தில் அவளுடைய தவணை முடிகிறது. மணியடிக்க வேறொருத்தி வந்துவிட்டாள், மலை ராசா கதவைத் திறந்துவிடுகிறான். ஓடக்காரி ஊருக்கு வருகிறாள், தன் வீட்டுக்குள் நுழைகிறாள். அதோடு அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த அத்தியாயத்தில் பார்த்தால் மறுபடியும் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எழுதியவர் ஒரு வரி சொல்லவில்லை.

இந்தக் கதையைப் படிக்கிறவர்களுக்கு ஃபோனில் ஒரு சிங்களக் குழு இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். அங்கே இந்த ஒரு விஷயத்துக்காக அடித்துக்கொள்ளாத நாளில்லை. மணிச் சத்தம் அவளை மயக்கிவிட்டது என்றார் ஒருவர். திரும்பிப் போனது அவளே இல்லை, அவளுடைய நிழல் என்றார் இன்னொருவர். இரண்டாம் பாகத்தில் இத்தனையாம் பக்கத்தைப் பாருங்கள் என்று படம் பிடித்துப் போட்டார்கள்.

மடுவத்தில் யாருக்கும் மாயம் தேவைப்படவில்லை. "மல ராசா அவ பாஸ்போட்ட வாங்கி வச்சிருப்பான். அங்கன போனா மொதல்ல அதத்தானே புடுங்குறானுக" என்றார் அடுத்த காம்பராவில் இருக்கும் பால்வெட்டுக்கார அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார்காரி வாசலிலேயே நின்று ஏதாவது சொல்லியிருப்பாள் என்று ஒரு பேச்சு வந்தது. புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான் என்று இன்னொரு பேச்சு. எங்கள் ஆட்களுக்கு அந்த மலை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். லயத்துக்கு இரண்டு பேராவது போய்வந்த மலை அது.

என் அம்மாவும் போனவர்தான். எனக்கு நான்கு வயதில், விடிய முன்னால், நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். விழித்தபோது பக்கத்தில் அத்தை படுத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து அம்மா வந்தார், ஒரு மாதம் இருந்தார், மறுபடி போய்விட்டார். அதற்குப் பிறகு போவதும் வருவதுமாக, நிரந்தரமாக வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினேழு. அத்தை செத்த பிறகு நானும் அம்மாவும் ஒரே காம்பராவில்தான் இருக்கிறோம். சண்டை கிடையாது. சோறு ஆச்சா, துணி காய்ந்ததா, அவ்வளவுதான் பேச்சு. முதல் தடவை போனதை நான் எப்படியோ செரித்துவிட்டேன், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. இரண்டாம் தடவை ஏன் போனார்? அதை நான் கேட்டதில்லை. கேட்காமலே இருபத்தாறு வருஷம் அதை வயிற்றுக்குள் வைத்திருந்தேன்.

அன்றைக்கு அக்கா என்னைப் பார்த்து, நீதானே படிக்கிறவள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். நாக்கில் சனி. "இதுல யோசிக்க என்னாக்கா இருக்கு? புள்ளய விட்டுட்டு இருக்கப் பழகிட்டா. அங்க நல்லா இருந்துச்சு, போயிட்டா" என்றேன். சொல்லும்போதே அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். அம்மா தொட்டில் கயிற்றை விட்டார். எழுந்து, மழையில் குடைகூட எடுக்காமல் லயத்துக்குப் போனார். ஆட்டம் நின்றதும் தொட்டில் பிள்ளை அழத் தொடங்கியது.

அடுத்த மழைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் வரவில்லை. பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, ஓப்பநாயக்கவில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போய் இனிமேல் அங்கேயே இருந்துவிடப்போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போவதாம். நான் சரி என்றேன். அக்காதான் என்னைப் பிடித்துக்கொண்டார். பெத்த மனம் பித்து, பிள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க, ஒன் வாயில கொள்ளிய வைக்க என்று திட்டித் தீர்த்தார்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் நேராகக் கேட்க வாய் வராமல் புத்தகத்திடம் போனேன். மிச்சம் இருந்தது ஆறாம் பாகம்தான், அதை எடுத்து, மூன்றே நாளில் முடித்தேன். எங்கேயாவது சொல்லியிருப்பார்கள், அதைக் கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்து, இதுதானா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கடைசியில் தாயும் மகளும் ஆற்றங்கரையில் சந்திக்கிறார்கள். மகள் வளர்ந்துவிட்டாள், இப்போது அவள்தான் ஓடம் தள்ளுகிறாள். தாய் ஏறி உட்காருகிறாள், அக்கரை போய்ச் சேருகிறார்கள், கதை முடிந்தது. அட பாவிகளா! மூவாயிரம் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு வந்து இதற்குத்தானா? எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைச் சுவரில் எறிந்திருப்பேன். நூலகத்துப் புத்தகம் என்பதால் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தூறல். அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு இரத்தினபுரி பஸ் வரும் இடத்துக்கு நடந்தேன். அம்மா குடை பிடித்தார், பாதிக்கு மேல் என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், கதை முடிந்துவிட்டது என்று சொன்னேன். ஓடக்காரி ஏன் திரும்பிப் போனாள் என்று கடைசிவரை எழுதவே இல்லை, வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

நான் நின்றுவிட்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் வந்தப்ப நீ அத்த சீலைக்குப் பின்னால போயி ஒளிஞ்சிகிட்ட. தூக்க வந்தா கத்துன. சரி, பழகிரும்னு இருந்தேன். ஒரு மாசம் ஆச்சு. ஒருநா ராவு அத்தகிட்ட கேக்குற, 'இந்த அம்மா எப்ப போவாங்க'ன்னு. நான் தூங்கிட்டேன்னு நெனச்சிகிட்டுக் கேட்ட."

"நானா?"

"ஆறு வயசுப் புள்ள. ஒனக்கென்னா தெரியும். அத்தய அம்மான்னு நெனச்சி நிம்மதியா இருந்த. நான் இருந்தா அதுவும் கெட்டுப்போகும்னு தோணுச்சு."

எனக்கு அது நினைவில்லை. எவ்வளவு தோண்டினாலும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அம்மா வந்ததும் போனதும் நினைவிருக்கிறது, என் காலுக்கு அவர் கொண்டுவந்த சிவப்புச் சப்பாத்து நினைவிருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை. இத்தனை வருஷமாக நான் நியாயம் கேட்டுக்கொண்டிருந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னதே நான்தான். அதை அம்மா ஒருநாள்கூட என் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டவில்லை. நான் மடுவத்தில் அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசிய அன்றைக்குக்கூட, ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம். குடையில்லாமல் எழுந்து போனார்.

பஸ் வந்து நின்றது. பையை நான் கொடுக்கவில்லை. அம்மா கையை நீட்டினார். நான் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டு வயதுக்காரி, நடுரோட்டில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். "போகாதம்மா" என்றேன். அதற்கு மேல் என் நீளமான வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கண்டக்டர் பையன் மிதிபலகையில் தொங்கியபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "யனவத அம்மே?" என்று கேட்டான், போகிறீர்களா அம்மா என்று.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவனிடம், "நே புத்தே. மம யன்னே நே" என்றார். இல்லை மகனே, நான் போகவில்லை.