ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கினான்

தெரியாத ஊரில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கும் ஒருவனைப் பற்றிய நாவல் ஒன்றைப் போன மாதம் வாசித்தேன். சிந்திக்க வைக்கும் நாவல் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. எனக்குச் சிந்தனை வந்தது முப்பதாம் பக்கத்தில், ஒரே வரியில்: ‘ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கினான்.’ அதற்குப் பின் தனிமை பற்றி இருநூறு பக்கம். அறை எப்படிக் கிடைத்தது என்று ஒரு சொல் இல்லை. சென்னையில் வீடு தேடியவன் எவனுக்கும் சந்தேகம் வரும். சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து படப்பைக்குப் பஸ். வழியெல்லாம் காலி மனைகளில் ‘நகர்’ என்று பலகைகள். வீடே இல்லாத நகர்களை நான் நம்புவதில்லை. படப்பையில் ஷேர் ஆட்டோ, ஒரகடத்துக்குப் பத்து ரூபாய்.

“இன்னா சார், எடம் பாக்க வந்துகினியா?” என்றார் டிரைவர்.

“இல்லை, ஒரு நாவலைச் சரிபார்க்க.”

அதன்பிறகு அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

பக்கத்தில் பெட்டியோடு ஓர் இளைஞன். இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கம். திங்கள்கிழமை கம்பெனியில் சேர வேண்டும்.

“சேக்காளி ரூம்ல ஏற்கெனவே ஏழு பேரு சார். ஹவுஸ் ஓனர் இன்னைக்கே வெளிய போகச் சொல்லிட்டாரு. ரூம் கெடைக்கலைன்னா ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.”

கதாநாயகனே கிடைத்துவிட்டான். கூடவே போனேன்.

கூட்டுரோட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஸ்டெல்லா என்பவர் தம் வீட்டுக்குப் பின்னால் நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். தண்ணி, சிகரெட் கூடாது என்றார். சம்மதித்தான். சாவியை நீட்டும்போது மரியாதையாக ஒன்று கேட்டான்.

“அக்கா, இங்க வாசல்ல சாரம் கட்டிக்கிடலாம்லா?”

சாவி பின்வாங்கியது.

“இன்னாபா, வூட்டுக்குள்ள கால் வைக்கல, அதுக்குள்ள சாரம் கட்றேன்ற? மாடி எழுப்பப் போறியா?”

அவன் ஊரில் சாரம் என்றால் லுங்கி. இங்கே, கொத்தனார் ஏறி நிற்கும் சவுக்குக் கட்டு. விளக்கினேன். உடனே சந்தேகம் என் மேல் திரும்பியது.

“நீ யாரு சார், புரோக்கரா?”

நாவலைக் காட்டி, வந்த கதையைச் சொன்னேன். அந்த வரியை அவர் இரண்டு முறை படித்தார்.

“இவனுக்கு வூடு குட்த்தது யாரு?”

“போடவில்லை.”

“எப்டிப் போடுவான்? விசாரிக்காம எவளாவது குடுப்பாளா?” புத்தகத்தைத் திருப்பித் தந்தார். “சரி, இந்தப் பையனை உனக்குத் தெரியுமா? தெரிஞ்சவங்க யாராவது சொன்னாத்தான் சாவி.”

இசக்கிமுத்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பத்து ரூபாய் தூரம்தான் தெரியும்.

“நல்லாத் தெரியும்” என்றேன்.

சாவி கை மாறியது. ஸ்டெல்லா என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இப்போது நான் எடுப்பதில்லை.

அறை தேடிப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள். லுங்கியை லுங்கி என்றே சொல்லுங்கள். உங்களைத் தெரியும் என்று சொல்ல ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நாவலின் அந்த வரி பொய் என்று இனிச் சொல்லமாட்டேன். தங்கினான்தான். அதற்கு முன்னால் எவனோ சொன்ன பொய்யை மட்டும் நாவலாசிரியர் விட்டுவிட்டார்.