டெலுவின் நாக்கு

டெலு யாரையும் நம்பமாட்டாள். அவளுக்கு அடுத்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். இன்றுவரை என் வீட்டில் கை நனைத்ததில்லை. நான் தண்ணீர் கொடுத்தாலும் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

ஆனால் ஹன்சா விதை விஷயத்தில் தெருவே அவளைத்தான் நம்பியது. கம்பு தீர்ந்துபோகும் மாதங்களில் எங்கள் மணல்மேட்டில் பச்சை இலையோடு நிற்பது அந்தச் செடி ஒன்றுதான். அதன் விதையை அப்படியே தின்றால் குடலைப் புரட்டிவிடும். தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் ஊறவைக்கவேண்டும். டெலு ஒன்றை மென்று, கசப்பு போய்விட்டது என்று தலையாட்டிய பிறகுதான் பானை அடுப்பேறும்.

இந்தத் தடவை நாலாம் நாளே தலையாட்டிவிட்டாள். அவர்கள் வீட்டில் அன்றே சமைத்தார்கள். அவள் கடைக்குட்டி ஹாசியா மூன்று முறை வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தாள். டெலு நேரே சக்களத்தி ராபியின் மேல் பாய்ந்தாள்.

"நான் பாத்தப்ப கசப்பே இல்ல. அப்புறமா பச்ச விதைய அள்ளிப் போட்டிருக்கடி நீ! அவரு வரட்டும், உன்ன உங்கப்பன் வீட்டுக்கே அனுப்பச் சொல்றேன்."

"அல்லா மேல சத்தியமா இல்லக்கா."

பொய் எதற்குச் சொல்லவேண்டும், எனக்கும் ராபி மேல் சந்தேகம்தான். பிள்ளை இல்லாதவள் என்று மனசு கோணலாகப் போனது.

ராபி விதைச் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது ஊறாதது. மெல்லுங்க."

டெலு மென்றாள். முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை. "ஊறவெச்சுக் காயவெச்சத எடுத்துக் குடுக்குற. என்னய ஏமாத்தப் பாக்குறியா?"

அவளே சாக்கின் அடிவரை கைவிட்டு இன்னொன்றை எடுத்து என் வாயில் திணித்தாள். "நீ கடி."

"தூ! வேம்பே தோத்துடும்!" என்று துப்பினேன்.

"நீயும் அவகூடச் சேந்துட்டியா?" என்று என்னை முறைத்துவிட்டு, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். கசப்புக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ராபி ஓடிவந்து அவள் தாடையைப் பிடித்தாள். "துப்புங்கக்கா! ஐயோ, துப்புங்க!" வாய்க்குள் விரல் விட்டு எல்லாவற்றையும் வழித்தெடுத்தாள்.

டெலு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"போன மாசம் வந்த காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எல்லாமே மண்ணாட்டம்தான் இருக்கு ராபி. நீதான் என் தட்டுக்கு மட்டும் உப்புப் போடாம குடுக்குறேன்னு நெனச்சிட்டிருந்தேன்டி."