எதிர்வீட்டு வேட்பாளர்

மதுரை மாட்டுத்தாவணியில் விடிந்தும் விடியாததுமாகப் பஸ் ஏறினேன். தூத்துக்குடி நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். எட்டயபுரம் தாண்டியதும் கரிசல் காடும் காற்றாலைகளும் மாறி மாறி வந்தன.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த ஜெசிந்தா மாநகராட்சி கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறாள். கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். வருடத்தில் பாதி நாள் கடலில்தான். அவளை எதிர்த்து நிற்பவர், எதிர்வீட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் முத்துலட்சுமி. வேறு வேறு கட்சி. “வந்து பாருளா. ஒருத்தரை ஒருத்தர் ஏசாம நாங்க தேர்தல் நடத்தப் போறோம்” என்று ஜெசிந்தா போனில் சொல்லியிருந்தாள். எங்கள் வார்டில் ஒலிபெருக்கி வசவுகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

புதிய பேருந்து நிலையத்திலிருந்து திரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பேரம் படியவில்லை. தெருப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார்.

“அந்த ரெண்டு பொம்பளையளும் நிக்காவளே, அந்தத் தெருவா? அவிய ஒரே கொழாயிலதான் தண்ணி புடிக்காவ. கட்சிக்காரனுவளுக்குத்தான் வயித்தெரிச்சல்.”

முற்பகலில் ஜெசிந்தாவோடு வாக்குக் கேட்கப் போனேன். கருவாட்டு வாசனையும் டீசல் புகையும் கலந்த சந்துகள். வலைக் குவியல்களைத் தாண்டித் தாண்டித்தான் வாசல்களுக்குப் போக வேண்டும். அவளுடைய கட்சியின் வட்டச் செயலாளர் சூசை முன்னால் நடந்தார். இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர். அந்தப் பகுதியில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

தெரு முடிவில் இருந்த காலி மைதானத்தில் முத்துலட்சுமியின் கூட்டம் எதிரே வந்தது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. இரண்டு பக்கமும் கோஷம் உயர்ந்தது. அவர் கையமர்த்திவிட்டு நேராக ஜெசிந்தாவிடம் வந்தார்.

“ஏளா ஜெசி, தொண்டை கட்டிப்போச்சே. கடைக்கு ஆள் அனுப்பு, பனங்கல்கண்டு குடுத்து விடுதேன்.”

“சரிக்கா. ஆனா இந்த எடத்துல மார்க்கெட் கட்டுவேன்னு மட்டும் சொல்லாதிய.”

“சொல்லத்தான் செய்வேன். மார்க்கெட் வந்தா நாலு குடும்பம் பொழைக்கும்.”

“வலையை எங்கன போய் காயப்போடுவோம்?”

“கடற்கரையில போடு.”

“கடற்கரையில எங்களுக்கு எங்கக்கா எடம் விட்டு வச்சிருக்காவ?”

இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டம் நின்று கேட்டது. வயதான ஒரு மீனவர், “ரெண்டு பேரும் சொல்லுததுல நாயம் இருக்கு” என்று தலையைச் சொறிந்தார். நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைதான். காலைக் காப்பியின்போதே எல்லோருடைய போனுக்கும் வந்திருந்த ஆடியோவில் ஓர் ஆண்குரல் பேசியது. மழை வெள்ளத்தில் ஊர் மூழ்கியபோது வந்த நிவாரண அரிசியை முத்துலட்சுமி கடையில் பதுக்கி வைத்து விற்றாராம். கேட்டதும் ஜெசிந்தா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அந்த நாலு நாளும் அக்கா கடையைத் தெறந்து போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊத்தினாவ. நானே கூட நின்னு ஊத்தினேன். எம்புள்ளையும் அதைத்தான் குடிச்சுது.”

சூசை வந்ததும் அவள் போனை நீட்டினாள். “இது நம்ம ஆளு குரலு அண்ணே.”

“இருக்கட்டும். நீ சொல்லலையே. ஊர் சொல்லுது. ஒனக்கென்ன?”

“பொய்னு நான் மைக்ல சொல்லப் போறேன்.”

“எதிராளிக்கு நீயே ஓட்டுக் கேப்பியோ?” என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தெருமுனைக் கூட்டம். கடல் காற்றில் கொடிகள் படபடத்தன. ஜெசிந்தா எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“முத்துலட்சுமி அக்கா வெள்ளத்துல வந்த அரிசியைப் பதுக்கி வித்தாவன்னு சொல்லுதாவ. அது பச்சைப் பொய். கஞ்சி ஊத்தினவ நான் சாட்சி நிக்கேன். மார்க்கெட் விசயத்துல அவியளும் நானும் ஒத்துப்போவ மாட்டோம். அதுக்காக எனக்கு ஓட்டுப் போடுங்க. அவியளைக் கள்ளின்னு நெனைச்சு எனக்குப் போடாதிய.”

அதற்குமேல் சத்தம் வரவில்லை. சூசை இணைப்பைப் பிடுங்கச் சொல்லியிருந்தார். ஆனால் கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். எதிர்ச்சாரியில் தன் கடை வாசலில் நின்று முத்துலட்சுமியும் கேட்டுக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அடுத்த நாள் காலை மறுபடியும் போன். இம்முறை வீடியோ. ஜெசிந்தாவின் முகம், ஜெசிந்தாவின் குரல்: “முத்துலட்சுமி அக்கா வெள்ளத்துல வந்த அரிசியைப் பதுக்கி வித்தாவ.” அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவள் செருப்புகூடப் போடாமல் எதிர்க்கடைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். முத்துலட்சுமி ஒருவருக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து, பொட்டலம் கட்டி, கொடுத்து அனுப்பிய பிறகுதான் நிமிர்ந்தார்.

“அக்கா, நான் முழுசும் சொன்னதை நீங்க கேட்டியல்லா?”

“கேட்டேன். கேக்காதவனுக்குல்லா அது போயிருக்கு. கோயம்புத்தூர்ல இருக்க எம்மவ மாமியார் வீட்டுக்கே போயிட்டு.” குரல் உயரவில்லை. “வெட்டுனது யாருன்னு தெரியுமா?”

ஜெசிந்தாவின் பார்வை தராசுக்குப் போனது.

“ஒனக்குத் தெரியும். அவன் பேரை மைக்ல சொல்லுவியா?”

ஜெசிந்தா தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சூசை இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு நோட்டீஸ் கூட ஒட்ட முடியாது. அதை நான் இரண்டே நாளில் புரிந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்குத் தெரியாதா?

“சரி. வேற சாமான் ஏதும் வேணுமா ஒங்களுக்கு?” என்றார் முத்துலட்சுமி.

ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவி, கட்சிச் சேலையைக் கட்டிக்கொண்டு, சூசை காத்திருந்த வண்டியில் ஏறினாள். நான் கூடப் போகவில்லை.

மதியமே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சாயர்புரத்துக்காரர், உரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். வழியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி எனக்கும் கொடுத்தார். அவரே அந்த வீடியோவையும் காட்டினார். இது வெட்டியது, நான் அந்தக் கூட்டத்தில் நின்றவள் என்றேன்.

“இருக்கும்மா. ஆனா அந்தப் பொம்பளை வாயாலதான சொல்லுது?” என்று சொல்லிவிட்டு, யாருக்கோ அதை அனுப்பினார்.

எங்கள் ஊரில் வேட்பாளர்கள் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள். அதனால்தான் வாய் கூசாமல் ஏசுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்றால் கூசும் என்று நம்பித்தான் பஸ் ஏறினேன். இருவருக்கும் கூசத்தான் செய்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

வாக்கு எண்ணிய அன்று ஜெசிந்தா கூப்பிட்டாள். பின்னால் வேட்டுச் சத்தம்.

“ஜெயிச்சிட்டேன்ளா.”

“அக்காவைப் பாத்தியா?”

“எண்ணுத எடத்துலயே வந்து சால்வை போட்டாவ. எல்லாரும் கைதட்டினாவ. போட்டோகூட எடுத்தாவ.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அக்கா என் மொகத்தைப் பாக்கவே இல்ல.”

வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை போலும். சூசை கூப்பிடுகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.