ஹாரன் அடிக்காத வண்டி

இலுப்பூருக்கும் அன்னவாசலுக்கும் நடுவில் ரோடு பிரிகிற ஒரு விலக்கில் இறங்கி நாலு எட்டு வைத்தால் இன்னாசியின் வீடு. இன்னாசி, ஆத்மநாதன் பஸ் சர்வீஸில் இருபத்திரண்டு வருடமாக டிரைவர். இலுப்பூருக்கும் புதுக்கோட்டைக்கும் போய்ப்போய் வருகிற வண்டி. அவருடைய இளைய மகள் ஷர்லி பிறந்ததிலிருந்து ஒரு பஸ்ஸைக்கூடத் தவறவிட்டதில்லை என்று அவளுடைய அம்மா அடைக்கலமேரி ஊரெல்லாம் பெருமை பேசுவாள். அதில் ஷர்லியின் சாமர்த்தியம் என்று எதுவும் கிடையாது. காலையில் வண்டி விலக்குக்கு வந்ததும் அடைக்கலமேரி ரோட்டோரம் நின்று கையை நீட்டுவாள்.

"இந்தா, சடை பின்னிக்கிட்டு இருக்கா. வந்துட்டா, வந்துட்டா."

இன்னாசி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வானத்தைப் பார்ப்பார். ஒரு ஹாரன் அடிப்பார். கண்டக்டர் திருப்பதி அந்த இடைவெளியில் டிக்கெட் போட்டு முடித்துவிடுவார். ஒற்றைச் சடை என்றால் இரண்டு நிமிடம், இரட்டைச் சடை என்றால் நாலு நிமிடம் என்று தினசரி வருகிறவர்களுக்கே தெரியும். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரு நாள் அவர்களுக்காகவும் அந்த வண்டி நின்றிருக்கிறது.

சாயங்காலம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கதை வேறு. அங்கே வண்டி நிற்கும், இடம்தான் கிடைக்காது. வண்டி உள்ளே திரும்பும்போதே கூட்டம் கூடவே ஓடும். ஜன்னல் வழியாகத் துண்டு, குடை, சாப்பாட்டுப் பை என்று கையில் இருப்பதைப் போட்டு இடம் பிடிக்கவேண்டும். ஷர்லி பிளாட்பாரத்தில் நின்ற இடத்திலிருந்தே மூன்றாவது சீட்டின் ஜன்னலோரத்தில் பையை வீசிவிட்டு, நிதானமாகப் போய் டீ குடித்துவிட்டு வருவாள். பை இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். டிரைவரும் அதே கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் கிளாசை வைக்காமல் வண்டி எங்கே போய்விடும்?

இப்பேர்ப்பட்ட ஷர்லி படித்தது போக்குவரத்துப் பொறியியல். திருச்சியில் எம்.டெக். அதில் கடைசி வருடம் மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு அவளுக்குக் கிடைத்த நாடு சுவிட்சர்லாந்து. ஒரு ஏரிக்கரை ஊரில், ரயில்களின் நேர அட்டவணை போடுகிற அலுவலகம். அங்கேயும் அவளைத் தாமதப் பிரிவில் போட்டார்கள். எந்த ரயில், எத்தனை நிமிடம், என்ன காரணம் என்று தினமும் எழுதவேண்டும். இன்னாசிக்கு இதைப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

"வண்டி லேட்டாகுறதுக்குன்னு ஒரு ஆபீஸா?" என்றார்.

"ஆமாப்பா."

"அதுக்குப் படிச்சவுகதான் வேணுமா? நம்ம திருப்பதி வாயாலயே சொல்லிப்புடுவானே."

போன புதிதில் ஷர்லி படாத பாடு பட்டாள். டிராம் வந்தால் ரோட்டோரம் நின்று கையை நீட்டுவாள். அது எப்படியும் நிற்கப்போகிற டிராம். டிரைவர்கள் ஏதோ சிநேகிதமாகக் கையசைக்கிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்கள். மூன்று டிரைவர்கள் பழக்கமாகிவிட்டார்கள். குடியிருந்த கட்டிடத்தின் படியில் எதிரே வருகிறவர்களை எல்லாம் "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று விசாரித்தாள். கீழ்வீட்டுப் பெரியவர் இரண்டு நாள் பதில் சொன்னார், மூன்றாம் நாளிலிருந்து அவள் காலடிச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்காமலே இருந்தார். மேலதிகாரி ஊர்சுலா ஐம்பது வயதுக்காரி. ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எட்டு ஐம்பத்தொன்பதுக்கு வருவாள். ஷர்லி எட்டேகாலுக்கே போய் உட்கார்ந்திருப்பாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று ஊர்சுலா கேட்டபோது, லேட்டாகிவிடக்கூடாதே என்றாள். ஊர்சுலா அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

தினமும் அவளுடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்குப் போன் போடுவாள். அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே நாலு மணி. நாலு மணிக்கு வண்டி இலுப்பூர் ஸ்டாண்டில் நிற்கும். நாலு இருபத்தைந்துக்கு எடுப்பார். அந்த இருபத்தைந்து நிமிடம் அப்பாவும் மகளும் ஊர்க்கதை பேசுவார்கள்.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, மலை பார்க்கக் கிளம்பினாள். ரயில் ஒன்பது முப்பத்திரண்டுக்கு. ஒன்பது இருபதுக்கே வந்து நின்றது. ஷர்லி ஏறினாள். நல்ல ஜன்னலோரமாகப் பார்த்துச் சாப்பாட்டுப் பையை வைத்தாள். அக்கா பிளெஸ்ஸியின் கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த மஞ்சள் துணிப்பை. உள்ளே டிபன் பாக்ஸில் புளிச்சாதமும், அடைக்கலமேரி மீமிசலில் வாங்கி வறுத்துக் கட்டிக்கொடுத்திருந்த கருவாடும். பையை வைத்தவள் வழக்கம்போல நிம்மதியாக இறங்கி, பிளாட்பாரத்துக் கடையில் காபி வாங்கப் போனாள்.

இத்தனைக்கும் அந்தப் பெட்டியில் ஒரு ஈ, காக்கை கிடையாது. அத்தனை சீட்டும் காலி.

காபி வாங்கித் திரும்பும்போது கதவு சாத்திக்கொண்டது. ஷர்லி ஓடினாள். பெட்டியைப் படபடவென்று தட்டிக்கொண்டே, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினாள். புதுக்கோட்டையில் இந்த ஒரு சொல்லுக்கு எந்த வண்டியும் நிற்கும். இந்த ரயில் நிற்கவில்லை. காபி பாதி அவள் கோட்டில் கொட்டிவிட்டது.

அடுத்த ரயிலில் ஏறிப் பின்னாலேயே போனாள். அது ஒரு ஸ்டேஷனுக்கு முன்னால் நடுவழியில் நின்றது. பத்து நிமிடம் கழித்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, முந்தைய ரயிலின் பயணிகள் அத்தனை பேரும் எதிர்ப் பிளாட்பாரத்தில் குளிரில் நின்றார்கள். அவளுடைய பெட்டியைச் சுற்றி போலீஸ் நாடா கட்டியிருந்தது. ஒரு மோப்ப நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். அவர் கையில் மஞ்சள் பை.

போய், அது என்னுடையது என்று சொல்ல ஷர்லி ஒரு அடி எடுத்து வைத்தாள். போலீஸ், விசா, இன்டர்ன்ஷிப், திருச்சியில் காத்திருக்கிற டிகிரி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தலைக்குப் போட்டிருந்த குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் போகிற ரயிலில் ஏறிவிட்டாள். மலையை அவள் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை ஊர்சுலா ஒரு ஃபைலை மேஜையில் வைத்தாள். "இந்த வாரம் இதுதான் உன் வேலை. ஆளில்லாத பை. நாற்பத்தேழு நிமிடம். அதனால் பதினோரு ரயில் தாமதம். முழு அறிக்கை வேண்டும். உன் சான்றிதழுக்கு இதைத்தான் மதிப்பிடுவேன்."

ஷர்லி படித்தாள். சந்தேகம் வந்தால் உட்காரவேண்டும் என்று அந்த நாயைப் பழக்கியிருக்கிறார்களாம். கருவாட்டுப் பையை மோந்ததும் உட்கார்ந்திருக்கிறது. இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், எழுந்திருக்கவில்லை. வேறு நாயைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதுவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"இது உங்கள் பக்கத்து எழுத்தா?" ஊர்சுலா பையின் படத்தைக் காட்டினாள். "என்ன எழுதியிருக்கிறது?"

அறிவுச்செல்வன் – பிளெஸ்ஸி திருமண விழா. தங்கள் நல்வரவை விரும்பும் இன்னாசி குடும்பத்தார், இலுப்பூர். அப்பாவின் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"கல்யாணப் பை. எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள். யார் கையிலும் இருக்கும்" என்றாள் ஷர்லி. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"சரி. இன்னொன்று. ஒரு பெண் பெட்டியைத் தட்டிக்கொண்டு ஓடியும் டிரைவர் கவனிக்காமல் எடுத்துவிட்டார் என்று பயணிகள் புகார் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் யார் என்று தெரியவில்லை. தெரியும்வரை அவருக்கு வண்டி கிடையாது."

அன்று மதியம் அப்பாவுக்குப் போன் போட்டு, பையை விட்ட கதையை மட்டும் ஒரு வேடிக்கை மாதிரி சொன்னாள். இன்னாசிக்கு வேடிக்கையாகப் படவில்லை.

"எடுக்குறதுக்கு முன்னாடி ஹாரன் அடிக்கலையா?"

"இங்கிட்டு அதெல்லாம் இல்லப்பா. நேரமானா எடுத்துருவாங்க."

"ஒரு ஹாரன்கூட அடிக்காம எப்புடி எடுப்பான்? ஏறுறவுக ஏற வேணாமா?" கொஞ்ச நேரம் அந்த டிரைவரை மனதுக்குள் வைதிருக்கவேண்டும். பிறகு குரல் மாறியது. "அந்தாள என்னா செஞ்சாங்க?"

"வண்டி குடுக்கலயாம்ப்பா."

"ஒக்காத்தி வச்சுட்டாங்யளா? பாவம்த்தா. வீட்ல இருந்தா பொழுதே போகாது. வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடத் தோணும். என்னயவும் ஒருக்கா ஒரு வாரம் ஒக்காத்தி வச்சாங்ய."

"ஒங்களயா? எப்பப்பா?"

"அது கெடக்கு, எப்பவோ. சாப்பிட்டியா நீ?"

ஷர்லி போனை வைத்துவிட்டு யோசித்தாள். அப்பா ஒரு வாரம் வீட்டில் இருந்ததாக அவளுக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் உண்டு. அவள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிய சமயம். முதல் நாள் விலக்கு வரைக்கும் வந்தபிறகு ஹால் டிக்கெட்டை மறந்தது தெரிந்து வீட்டுக்கு ஓடினாள். வண்டி ஏழு நிமிடம் நின்றது. வண்டியில் இருந்த ஒருவருக்கு அன்று கோர்ட்டில் வாய்தா. அவர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். மறுநாளிலிருந்து அப்பா வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்கிறது, தகுதிச் சான்று வாங்க ஒரு வாரம் ஆகும் என்றார். ஷர்லியும் தலையாட்டிவிட்டுப் பரீட்சைக்குக் கிளம்பினாள்.

எந்த வண்டியில் கிளம்பினாள் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதே வண்டி. அதே திருப்பதி டிக்கெட் கொடுத்தார். முன்னால் வேறு டிரைவர். எஃப்.சி.க்குப் போன வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், மிச்சப் பரீட்சை அத்தனைக்கும் போய்வந்திருக்கிறாள். முதல் மதிப்பெண் வேறு வாங்கினாள். இப்படி ஒரு புத்திசாலியை நம்பித்தான் சுவிட்சர்லாந்து தன் ரயில்களை ஒப்படைத்திருந்தது.

அவளுக்கு அழுகையும் வந்தது, தன்மேல் கோபமும் வந்தது. அடைக்கலமேரிக்குத் தெரிந்திருக்கும், திருப்பதிக்குத் தெரிந்திருக்கும், தினசரி வருகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். பரீட்சைக்காரப் பிள்ளை காதில் விழவேண்டாம் என்று ஒரு வண்டி ஜனமே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறது.

எழுந்து போய் ஊர்சுலாவின் முன்னால் நின்றாள். "அந்தப் பை என்னுடையது. தட்டிக்கொண்டு ஓடிய பெண்ணும் நான்தான். கதவு சாத்தியபிறகுதான் நான் வந்தேன். டிரைவர்மேல் தப்பு இல்லை."

ஊர்சுலா கண்ணாடியைக் கழற்றினாள். "பையை ஏன் வைத்துவிட்டு இறங்கினாய்?"

"இடம் பிடிக்க."

"பெட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள்?"

"யாருமில்லை."

"பிறகு யார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தாய்?"

புதுக்கோட்டையில் யாரிடம் கேட்டிருந்தாலும் இதற்குப் பதில் இருந்திருக்காது.

"ரயில் உனக்காக நிற்கும் என்று ஏன் நினைத்தாய்?"

"என் அப்பா டிரைவர். அவர் நிற்பார்" என்றாள் ஷர்லி. அந்த ஏழு நிமிடத்தையும், அந்த ஒரு வாரத்தையும் அப்படியே சொன்னாள்.

ஊர்சுலா ஃபைலை அவள் பக்கம் தள்ளினாள். "நேற்றே சொல்லியிருக்கவேண்டும். எச்சரிக்கைக் கடிதம் உண்டு. அது உன் கல்லூரிக்கும் போகும். சான்றிதழை நிறுத்தமாட்டேன், அறிக்கை ஒழுங்காக இருந்தால். காரணம் என்கிற கட்டத்தில் நீயே எழுது. முதலில் அந்த டிரைவர் பற்றிய பக்கத்தை முடி. நாளைக் காலையில் அவர் வண்டி எடுக்கவேண்டும்."

ஷர்லி எழுதினாள். காரணம்: காலிப் பெட்டியில் இடம் பிடித்தது. பொறுப்பு: ஷர்லி இன்னாசி. டிரைவர் சரியான நேரத்தில் எடுத்தார்.

மறுநாள் மதியம் அப்பாவைக் கூப்பிட்டாள். பின்னால் கடலைக்காரரின் குரலும் ஸ்டாண்டின் இரைச்சலும் கேட்டன.

"அந்த டிரைவருக்கு வண்டி குடுத்துட்டாங்கப்பா."

"குடுத்துட்டாங்யளா? நல்லதாப் போச்சு." இன்னாசிக்கு உண்மையிலேயே சந்தோஷம். "இனிமேயாச்சும் ஒரு ஹாரன் அடிச்சு எடுக்கச் சொல்லு."

"அப்பா, நம்ம வண்டிக்கு எஃப்.சி. எந்த மாசம்?"

"ஆவணியில. வருசா வருசம் ஆவணிதான். எதுக்குக் கேக்குற?"

"பன்னெண்டாவது பரீட்சை நான் மார்ச்சுலதானே எழுதுனேன்?"

கடலைக்காரர் இரண்டு முறை கூவிவிட்டுப் போனார்.

"அப்பா?"

"சரியாக் கேக்கலத்தா. வண்டி எடுக்கணும், வையி" என்றார் இன்னாசி. உடனே நீளமாக ஒரு ஹாரன்.

"என்னண்ணே, அதுக்குள்ள யாருக்கு அடிக்கிறீங்க?" என்று திருப்பதி எங்கிருந்தோ கத்துவது கேட்டது.

ஷர்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. இலுப்பூரில் மணி நாலு பத்து. வண்டி எடுக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.