கவரைப்பேட்டைக்குப் பதினோராவது தடவை

ரயிலில் ஏறுவது எங்கேயாவது போய்ச் சேருவதற்காக என்று நினைப்பவர்களுக்கு என் தொழில் புரியாது. ரயில் எந்த வழியாகப் போகிறது என்று பதிந்து வைக்கத்தான் நான் ஏறுகிறேன். மேப் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. ஜி.பி.எஸ். ஆப் போட்ட ஃபோனை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போகிற வழியெல்லாம் கோடாக விழும். ஒரு கோடு போதாது, அங்கங்கே விலகும். ஒவ்வொரு தண்டவாளத்திலும் நாலு தடவை போனால்தான் நடுவாக ஒரு நல்ல கோடு கிடைக்கும். திருவள்ளூர் லைனும் கும்மிடிப்பூண்டி லைனும் என் பங்கு. இரண்டும் வரைந்து முடிந்தால் என் வேலையும் முடிந்தது. ஜன்னல் சீட்டுக்காக என்றைக்காவது துண்டு போட்டிருக்கும் சக பாவிகளே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஃபோனுக்குக் காற்று

பெட்டிக்குள்ளே நடுவில் நின்றால் சிக்னல் தடுமாறும். ஜன்னல் கம்பியை ஒட்டியே ஃபோன் இருக்க வேண்டும். ஒரு நாள் காலை மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். அதில் ஒருத்தி நிறைமாதம். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்து இடம் கொடுத்தேன். ஆனால் கையை எடுக்க வழியில்லை. அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, ஃபோனைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தபடியே நின்றேன்.

பொன்னேரி வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், என் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "செல்லுக்குக் காத்து வாங்கித் தர்றதுக்கு ஒரு மன்சன் சம்பளத்துக்குக் கீறான் பாரேன். நல்லா கீது பொழப்பு!"

வீட்டு வாசலில் ஸ்டேஷன்

திருவள்ளூர் லைனில் என் ஊரான வேப்பம்பட்டில் இறங்கியவன் ஒரு சாயங்காலம் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. ரயில் பாதை அது பாட்டுக்கு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, மெஸ்ஸில் அரை மணி நேரம் நின்று, மளிகைக் கடையைத் தொட்டுக்கொண்டு, நேராக என் வீட்டுக்குள் புகுந்துவிட்டது.

கோடுகளைச் சரிபார்ப்பவள் சுனிதா. ஊத்துக்கோட்டையில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிற பெண். அவள் ஊருக்கு ரயிலே கிடையாது, அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். நேரில் பார்த்ததில்லை. ரெக்கார்டிங் ஓடும்போது அவள் திரையில் நான் ஒரு நீலப் புள்ளியாக நகர்வேன், அவ்வளவுதான் அறிமுகம்.

வீட்டில் நான் ஒண்டிக்கட்டை மாதிரிதான். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாசம் என்று புனேவுக்குப் போன மனைவிக்கு இது மூன்றாவது வருஷம். சண்டையெல்லாம் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் ஓ.டி.பி. அவள் நம்பருக்குப் போகும். நான் கூப்பிடுவேன், நம்பரைச் சொல்வாள், வைத்துவிடுவாள். இதெல்லாம் சுனிதாவுக்குத் தெரியாது. மறுநாள் காலை ஃபோனில் கேட்டாள்: "சார், ரயிலை உங்க ஊடு வரைக்கும் ஓட்டிக்கினு போய்ட்டீங்க, சரி. உள்ள போயி இன்னா சார், ஹாலுக்கும் வாசலுக்கும் இத்தினி தரம் நடந்துக்கினு கீறீங்க? பேச ஆளே இல்லியா?"

எந்தக் கம்பத்தாண்ட

வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் தண்டவாளம் எங்கே பிரிகிறது என்று குறிக்க வேண்டியிருந்தது. அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, பிளாட்பார முனையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தேகம் வராமல் இருக்குமா? காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். கம்பெனி லெட்டரைக் காட்டினேன். அவருக்கு அது போதவில்லை. தெரிந்தவர் யாராவது ஒருத்தர் நம்பரைக் கொடு, விசாரிக்க வேண்டும் என்றார்.

மனைவி நம்பரைக் கொடுக்கத்தான் முதலில் நினைத்தேன். அவளிடம் கேட்டால் "வேப்பம்பட்டுல இருப்பார்" என்பாள், அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. சுனிதா நம்பரைக் கொடுத்தேன். தள்ளிப் போய் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்: "அந்தப் பொண்ணு உன்னக் கண்ணால பார்த்ததே இல்லன்னுது. ஆனா எந்தக் கம்பத்தாண்ட நிக்கிறன்னு கரெக்டா சொல்லுது. பெத்த புள்ள கூட இப்டி சொல்லாதுய்யா. போ, போ."

நகராத புள்ளி

கும்மிடிப்பூண்டி கடைசி ஸ்டேஷன். வண்டி நின்றதும் அத்தனை பேரும் ஷேர் ஆட்டோவுக்கு ஓடிவிடுவார்கள். ஐந்து நிமிஷத்தில் பிளாட்பாரத்தில் நானும் நாய்களும்தான் மிச்சம். அன்றைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். பெஞ்சில் சாய்ந்தவனுக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. திரும்பிப் போகிற வண்டி ஒன்று கிளம்பியது, பிறகு இன்னொன்றும் கிளம்பியது. இங்கேயே செத்துப் போனால் யாருக்கு முதலில் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஃபோன் அடித்தது. "புள்ளி நவுரவே இல்லியே, ரெண்டு வண்டி போயிட்ச்சே. இன்னா ஆச்சு நைனா?" என்றாள் சுனிதா. எப்போதும் சார் என்பவள். அவர்கள் ஊர்ப் பக்கம் அப்பாவைத்தான் நைனா என்பார்கள். அவசரத்தில் வாயில் வந்துவிட்டது போல. காய்ச்சல் என்றேன். "மொதல்ல எதனா துன்னு. அடுத்த வண்டில ஏறு. நீ ஊடு போயி சேர்ற வரைக்கும் நான் சிஸ்டத்த மூட மாட்டேன்" என்றாள்.

பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். வண்டி மாற வேண்டிய பேசின் பிரிட்ஜ் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

பதினோராவது தடவை

எல்லாம் முடிந்து, பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில் ஒரு துண்டு மட்டும் பாக்கி இருந்தது. நாலாவது தடவையும் போய் வந்துவிட்டேன். கோடு சேர்ந்துவிட்டது. அன்றே சொல்லியிருந்தால் அன்றோடு வேலை முடிந்திருக்கும். மறுநாளிலிருந்து என் புள்ளி எங்கே நின்றாலும் கேட்க ஆளில்லை. அதனால் பொய் சொன்னேன். சிக்னல் விட்டுப்போச்சு என்றேன். அடுத்த நாள் ஃபோன் சூடாகி நின்றுபோச்சு என்றேன். இப்படியே அஞ்சு, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டிருந்தது.

பதினோராவது தடவை கவரைப்பேட்டையை வண்டி நெருங்கும்போது கூப்பிட்டாள். "நாலு தரத்துலயே கோடு நல்லா வந்துட்ச்சே சார். எனக்கு அப்பவே தெரியும். மேல இருக்கறவங்க கேக்கறாங்க, இன்னிக்கு மூடியே ஆவணும். இன்னாத்துக்கு இப்டி சுத்திக்கினு கீறீங்க?"

இனி எதை மறைப்பது? "கோடு முடிஞ்சிட்டா, நான் எங்க கீறேன்னு பார்க்க யாருமில்லம்மா" என்றேன். அவள் பக்கம் பஸ் ஹாரன் ஒன்று கேட்டது. பிறகு, திட்டுகிற குரலில் சொன்னாள்: "லைனத்தான் நைனா மூடறேன். என் நம்பரையா மூடறேன்? என்னாண்ட பேசணும்னா ரயில்லதான் ஏறணுமா? ஃபோன் போட்டா நான் எடுக்க மாட்டனா?"

இது நடந்து மூன்று மாசம் ஆகிறது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் தண்டவாளம் எப்படிப் போகிறது என்று ஊருக்கே காட்டிக் கொடுத்தவனுக்கு, அந்த நம்பரை ஒரு தடவை அமுக்கத்தான் இன்னும் தைரியம் வந்தபாடில்லை.